ஏழுக்கு ஆறு: லாலாகுடா வீடுகளில் மறைந்திருக்கும் விகிதக் கணக்கு

லாலாகுடா என்றதும் செகந்திராபாத் தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ரயில்வே பணிமனைதான். நிஜாம் காலத்து ரயில்வே 1893-ம் ஆண்டில் நிறுவிய அந்தப் பணிமனை, 1966 அக்டோபர் 2-ந் தேதி தென்மத்திய ரயில்வே உதயமானபோது அதன் சொத்தாயிற்று. பயணிகள் பெட்டிகளைக் கழற்றி, பழுது பார்த்து, மறுபடியும் பூட்டி அனுப்பும் வேலை இன்றளவும் அங்கே நடக்கிறது. இந்தப் பணிமனையையும் ரயில்வே காலனியையும் நம்பித் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் லாலாகுடாவிலும், மெட்டுகுடாவிலும், சீதாபல்மண்டியிலும், தார்நாகாவிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன.

இந்தக் குடும்பங்களில் ஏழாம் வகுப்பு அல்லது எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பையனையோ பெண்ணையோ எடுத்துக்கொள்ளலாம். கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு எல்லாவற்றிலும் குழந்தை சூட்டிகை. ஆனால் விகிதம், விகிதசமம் என்ற பாடம் வந்ததும் எங்கோ சறுக்குகிறது. "ஏழு ரூபாய்க்கு ஆறு ரூபாய் கிடைக்கும் என்றால், பதினான்கு ரூபாய்க்கு எத்தனை ரூபாய்?" என்று கேட்டால், "பதின்மூன்று" என்று பதில் வருகிறது. ஏழுக்கும் ஆறுக்கும் ஒன்று வித்தியாசம். ஆகவே பதினான்கிலும் ஒன்றைக் கழித்தால் பதின்மூன்று. இதுதான் குழந்தையின் வாதம்.

அந்த வீட்டுப் பெரியவர் யாராவது பழைய நாட்களை அறிந்தவராக இருந்தால் சிரித்துவிடுவார். ஏழுக்கு ஆறு என்றால் பதினான்குக்குப் பன்னிரண்டு என்பது ஒரு காலத்தில் ஐதராபாத் சமஸ்தானத்தில் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காதவர்கள்கூட அறிந்த கணக்கு.

ஹாலியும் கல்தாரும்

நிஜாம் ஆட்சியில் ஐதராபாத்துக்குத் தனி நாணயம் இருந்தது. அதற்கு ஹாலி சிக்கா என்றும், பிற்காலத்தில் உஸ்மானியா சிக்கா என்றும் பெயர். பிரிட்டிஷ் இந்திய ரூபாயை இங்கே கல்தார் என்று அழைத்தார்கள். "கல்" என்றால் உருதுவில் இயந்திரம். இயந்திரத்தில் அடித்த நாணயம் என்பது பொருள். செகந்திராபாத் கன்டோன்மென்ட் பகுதியில் கல்தார் புழங்கிற்று. ஐதராபாத் நகருக்குள் ஹாலி புழங்கிற்று. ஒரே ஊரைப் போலிருக்கும் இரட்டை நகரங்களில் இரண்டு விதமான ரூபாய்!

இரண்டுக்கும் உள்ள சாதாரண மாற்று விகிதம் ஏழு ஹாலிக்கு ஆறு கல்தார். சென்னை ராஜதானியில் உள்ள சொந்த ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டுமானால் ஹாலி செல்லாது. கல்தாராக மாற்றியே அனுப்ப வேண்டும். முப்பத்தைந்து ஹாலி கொடுத்தால் முப்பது கல்தார். எழுபது கொடுத்தால் அறுபது. நூறு கல்தார் வேண்டுமென்றால் கொடுக்க வேண்டியது 116 ரூபாய் 10 அணா 8 பை. இந்த "நூற்றுப் பதினாறு, பத்து, எட்டு" என்ற தொகை கணக்கு எழுதியவர்களுக்கெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

அது எப்படி வந்தது என்று பார்ப்பதே ஒரு நல்ல பாடமாகும். ஆறு கல்தாருக்கு ஏழு ஹாலி. தொண்ணூற்றாறு கல்தார் என்பது ஆறின் பதினாறு மடங்கு. ஆகவே ஏழின் பதினாறு மடங்கான 112 ஹாலி. மிச்சம் நான்கு கல்தார். நான்கு என்பது ஆறில் மூன்றில் இரண்டு பங்கு. எனவே ஏழில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது நான்கும் மூன்றில் இரண்டும். மொத்தம் 116 ரூபாயும் ரூபாயில் மூன்றில் இரண்டு பங்கும். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்ற கணக்கில் அந்த மூன்றில் இரண்டு பங்கு 10 அணா 8 பை ஆகிறது.

சமஸ்தானம் 1948-ல் இந்திய யூனியனுடன் இணைந்த பிறகும் இந்த விகிதம் உடனே மறைந்துவிடவில்லை. 1950-ல் இந்திய ரூபாய் இங்கே புழக்கத்துக்கு வந்தபோதும் ஏழுக்கு ஆறு என்ற கணக்கிலேயே இரண்டும் மாற்றப்பட்டன. ஹாலி நாணயம் 1959-ல்தான் அடியோடு விலக்கிக்கொள்ளப்பட்டது.

இதற்கிடையே 1957 ஏப்ரல் 1-ந் தேதி நயா பைசா வந்தது. பதினாறு அணாவுக்கு நூறு நயா பைசா. நான்கணாவுக்கு 25 என்பது சரியாக வரும். ஆனால் ஓர் அணாவுக்கு ஆறேகால். கால் பைசா என்ற நாணயம் கிடையாதாகையால் ஓர் அணாவுக்கு 6 என்றும், இரண்டு அணாவுக்கு 12 என்றும், மூன்று அணாவுக்கு 19 என்றும் வைத்துக்கொண்டார்கள். ஓர் அணாச் சாமானைத் தனித்தனியே நான்கு தடவை வாங்கினால் 24 பைசா; மொத்தமாக வாங்கினால் 25 பைசா. விகிதத்தை முழு எண்ணில் முடிக்கப் போனால் எங்கே இடிக்கும் என்பதைக் கடைத்தெருவே கற்றுக்கொடுத்த காலம் அது.

கூட்டலா, பெருக்கலா?

பதினான்குக்குப் பதின்மூன்று என்று சொல்லும் குழந்தை மக்கு அல்ல. உலகமெங்கும் குழந்தைகள் இதே தவறைத்தான் செய்கின்றன. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றிய ராபர்ட் கார்ப்ளஸ் என்ற இயற்பியல் பேராசிரியர், பள்ளி மாணவர்களுக்கு ஒரு குட்டை மனிதர் படத்தைக் காட்டினார். அவருடைய உயரம் பெரிய பொத்தான்களால் அளந்தால் நான்கு. காகிதக் கவ்விகளால் அளந்தால் ஆறு. இன்னொரு நெட்டை மனிதர் இருக்கிறார். அவர் உயரம் பொத்தான் கணக்கில் ஆறு. காகிதக் கவ்விக் கணக்கில் எவ்வளவு? சரியான விடை ஒன்பது. ஏராளமான மாணவர்கள் சொன்ன விடை எட்டு. "பொத்தானில் இரண்டு கூடியது, ஆகவே கவ்வியிலும் இரண்டு கூடும்" என்பது அவர்கள் கொடுத்த விளக்கம். 1970-ம் ஆண்டு வாக்கில் வெளிவந்த இந்த ஆய்வு கணிதக் கல்வியில் புகழ் பெற்றது.

லாலாகுடாக் குழந்தையும் கலிபோர்னியாக் குழந்தையும் ஒரே இடத்தில் சறுக்குவதற்குக் காரணம் உண்டு. ஐந்து ஆறு வருஷமாகப் பள்ளியில் கேட்ட கேள்வியெல்லாம் "எவ்வளவு அதிகம்? எவ்வளவு குறைவு?" என்பதுதான். திடீரென்று ஒருநாள் "எத்தனை மடங்கு?" என்ற கேள்வி வருகிறது. கேள்வி மாறிவிட்டது என்பதை யாரும் குழந்தைக்கு எடுத்துச் சொல்வதில்லை. சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பயிற்சிக் கணக்குக்குப் போய்விடுகிறார்கள்.

இந்த மாற்றத்தைப் புரியவைக்க வீட்டுச் சமையலறையைவிடச் சிறந்த இடம் இல்லை. இட்லிக்கு நான்கு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து என்று போடுகிற வீட்டில், விருந்தாளி வருகிறார்கள் என்று அரிசியில் ஒரு படியும் உளுந்தில் ஒரு படியும் கூட்டினால் என்ன ஆகும்? ஐந்துக்கு இரண்டு ஆகிவிடும். உளுந்து மிஞ்சி, மாவு பழைய பக்குவத்தில் இராது. எட்டுப் படி அரிசிக்கு இரண்டு படி உளுந்து என்றால்தான் அதே இட்லி வரும். "அதே இட்லி" என்பதுதான் இங்கே முக்கியமான சொல். அளவு மாறலாம், பக்குவம் மாறக்கூடாது. விகிதம் என்பதன் முழுப் பொருளும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

காபியையும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு டம்ளரில் இரண்டு கரண்டி டிகாக்ஷன், மூன்று கரண்டி பால். இன்னொரு டம்ளரில் நான்கு கரண்டி டிகாக்ஷன், ஐந்து கரண்டி பால். எது திடமான காபி? இரண்டிலும் பால் ஒரு கரண்டிதான் அதிகம். ஆகவே இரண்டும் ஒன்றே என்று குழந்தை சொல்லும். முதல் டம்ளரைப் போல இரண்டு டம்ளர் சேர்த்தால் நான்கு கரண்டி டிகாக்ஷனுக்கு ஆறு கரண்டி பால். இரண்டாவதில் அதே நான்குக்கு ஐந்து கரண்டிதான் பால். ஆகவே இரண்டாவதுதான் திடமானது. குழந்தைக்கு நம்பிக்கை வராவிட்டால் கலந்து காட்டலாம். நிறமே சாட்சி சொல்லும்.

பல்சக்கரம் சொல்லும் பாடம்

சமையலறைக்கு அடுத்தபடி, லாலாகுடா வீடுகளில் இந்தக் கணக்கு குடியிருக்கும் இடம் பணிமனை அனுபவம். லேத் இயந்திரத்தில் மரை வெட்டிப் பழகிய டர்னர் ஒருவர் வீட்டில் இருந்தால், அவர் கணித ஆசிரியருக்குக் கொஞ்சமும் குறைந்தவரல்ல.

லேத்தில் மரை வெட்ட, வேலைப்பொருளைச் சுழற்றும் தண்டுக்கும் வெட்டுளியை நகர்த்தும் திருகுத் தண்டுக்கும் இடையே பல்சக்கரங்களை மாட்டுவார்கள். திருகுத் தண்டின் மரை இடைவெளி 6 மில்லிமீட்டர் என்றும், வெட்ட வேண்டிய மரையின் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், சக்கரங்கள் ஒன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். ஓட்டும் சக்கரத்துக்கு 20 பல், ஓடும் சக்கரத்துக்கு 80 பல் போடலாம். 20 பல் சக்கரம் கையில் இல்லையென்றால் 25-க்கு 100 போடலாம். 30-க்கு 120 போடலாம். எதைப் போட்டாலும் வருகிற மரை ஒன்றே.

புதிதாக வேலைக்கு வந்த பயிற்சியாளர் ஒருவர், "20-க்கு 80 இல்லை, இரண்டிலும் பத்துப் பல் கூட்டி 30-க்கு 90 போட்டுவிடலாம்" என்று நினைத்தால் என்ன ஆகும்? 30-க்கு 90 என்பது ஒன்றுக்கு மூன்று. மரை இடைவெளி ஒன்றரைக்குப் பதிலாக இரண்டு மில்லிமீட்டர் ஆகிவிடும். நட்டு ஏறாது, வெட்டிய இரும்பு வீண். பள்ளிக்கூடத்தில் ஒரு மதிப்பெண் போகிற அதே தவறு, பணிமனையில் ஒரு முழு வேலைப்பொருளைக் குப்பைக்கு அனுப்புகிறது. ஏழாம் வகுப்பில் விளங்காத பாடம் ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் பின்தொடர்ந்து வரும். அங்கே அதை மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

சக்கரம் தேய்ந்தால்

நேர்விகிதம் ஒருவாறு புரிந்த பிறகு வரும் அடுத்த கண்டம் எதிர்விகிதம். "எட்டு ஆள் ஆறு நாளில் முடிக்கும் வேலையைப் பன்னிரண்டு ஆள் எத்தனை நாளில் முடிப்பார்கள்?" என்ற கணக்கைப் பரம்பரை பரம்பரையாகப் போட்டு வருகிறோம். ஆனால் எல்லா ஆளும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்பது குழந்தைக்கும் தெரியும். அதனால் அந்தக் கணக்கு மனதில் ஒட்டுவதில்லை.

லாலாகுடாவில் அதைவிட நல்ல உதாரணம் தண்டவாளத்தின் மேலேயே ஓடுகிறது. அகலப்பாதையில் ஓடும் சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலை வகைப் பெட்டியின் சக்கரம் புதிதாக இருக்கும்போது 915 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது. ஒரு கிலோமீட்டர் ஓட அது சுமார் 348 தடவை சுழல வேண்டும். ஓடி ஓடித் தேய்ந்த சக்கரத்தைப் பணிமனையில் மறுபடியும் கடைந்து ஒழுங்குபடுத்துவார்கள். அப்போது குறுக்களவு குறையும். 850 மில்லிமீட்டருக்கு வந்த சக்கரம் அதே ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 374 தடவை சுழல வேண்டும்.

சக்கரம் சிறுத்தால் சுற்று கூடுகிறது. குறுக்களவையும் சுற்றையும் பெருக்கிப் பார்த்தால் இரண்டு சக்கரத்துக்கும் ஏறக்குறைய ஒரே தொகை வரும். நேர்விகிதத்தில் வகுத்தால் மாறாத எண் கிடைக்கிறது. எதிர்விகிதத்தில் பெருக்கினால் மாறாத எண் கிடைக்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களை மாணவன் தானாகவே கண்டுபிடிக்கும்படி செய்துவிட்டால் பாடத்தில் பாதி முடிந்தது. சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்த மாணவன் 348-ஐ 850-ஆல் பெருக்கி 915-ஆல் வகுத்து, "323 சுற்று" என்று எழுதிவிட்டுப் போவான். சின்னச் சக்கரம் எப்படிக் குறைவாகச் சுழன்று அதே தூரம் போகும் என்று அவன் ஒரு கணமும் யோசிப்பதில்லை.

ஆரியபட்டர் காலத்து வழி

மூன்று தொகைகள் தெரிந்திருக்க நான்காவதைக் காணும் வழியை நம் நாட்டில் திரைராசிகம் என்று அழைத்தார்கள். கி.பி. 499-ல் இயற்றப்பட்ட ஆரியபட்டீயத்திலேயே அதற்கு விதி உண்டு. தெரிந்த அளவுக்குப் பிரமாணம் என்றும், அதற்குரிய பயனுக்குப் பலம் என்றும், வேண்டிய அளவுக்கு இச்சை என்றும் பெயர். பலத்தை இச்சையால் பெருக்கிப் பிரமாணத்தால் வகுத்தால் இச்சைக்குரிய பலம் கிடைக்கும். ஏழு ஹாலி பிரமாணம். ஆறு கல்தார் பலம். நம்மிடமுள்ள ஹாலி இச்சை. கி.பி. 628-ல் நூல் செய்த பிரம்மகுப்தர் எதிர்விகிதத்துக்குரிய வியஸ்த திரைராசிகத்தையும் எடுத்துரைத்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் லீலாவதி இயற்றிய பாஸ்கராசாரியர், கணக்கு முழுவதிலும் திரைராசிகமே வியாபித்து நிற்கிறது என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார்.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளிலும் இந்த வழி செழித்திருந்தது. எண்சுவடியில் முந்திரி, காணி, மா, வீசம், அரைக்கால், கால், அரை, முக்கால் என்று பின்னங்களின் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிப் பழகிய பிள்ளைகள், நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் பொன் நிறுக்கவும் அதைப் பயன்படுத்தினார்கள். காரி நாயனாரின் கணக்கதிகாரம் இத்தகைய கணக்குகளுக்குப் பெயர் போனது. முந்நூற்றிருபதில் ஒரு பங்குக்குத் தனிப்பெயர் வைத்துப் புழங்கிய சமூகத்தின் பிள்ளைகள் இன்று பின்னத்தைக் கண்டு அஞ்சுவது வருந்தத்தக்கது.

ஆனால் பழைய முறையையும் கண்ணை மூடிக்கொண்டு புகழ்ந்துவிட முடியாது. விதியை மட்டும் உருப்போட்டு, எதை எதனால் பெருக்குகிறோம் என்று அறியாமல் போடும் வழக்கம் எல்லா நாட்டிலும் இருந்தது. இன்று "குறுக்குப் பெருக்கல்" என்ற பெயரில் வகுப்பறைகளில் நடப்பதும் பெரும்பாலும் அதுவே. குறுக்குப் பெருக்கல் தவறான வழியல்ல. அதை முதலில் கற்பிப்பதுதான் தவறு.

தெருவில் கற்ற கணக்கும் பள்ளியில் கற்ற கணக்கும் எவ்வளவு விலகிப்போகக் கூடும் என்பதற்குப் பிரேசில் நாட்டு ரெசிபே நகரத்தில் நடந்த ஓர் ஆய்வு நல்ல சான்று. தெரசின்யா நூனிஸ் முதலிய மூவர் 1985-ல் அதை வெளியிட்டார்கள். ஒன்பது முதல் பதினைந்து வயது வரையுள்ள, தெருவில் வியாபாரம் செய்யும் ஐந்து பிள்ளைகளிடம் சாமான் வாங்குவதுபோல் கணக்குக் கேட்டபோது, நூற்றுக்கு 98 விடைகள் சரியாக இருந்தன. அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது சரியானவை நூற்றுக்கு 37 மட்டுமே. பத்துத் தேங்காய்க்கு விலை கேட்டபோது ஒரு பையன் பத்தால் பெருக்கவில்லை. மூன்று காயின் விலையை வைத்துக்கொண்டு, இன்னும் மூன்று, இன்னும் மூன்று, கடைசியில் ஒன்று என்று கட்டிக்கொண்டே போய்ச் சரியான தொகையைச் சொன்னான். ஏழு ஏழாக ஹாலி எண்ணி ஆறு ஆறாகக் கல்தார் எடுத்து வைத்த கைகளின் வழியும் அதுவேதான்.

நான்கு மொழி, ஒரே குழப்பம்

ஐதராபாத் தமிழ்க் குழந்தைகளுக்கு வேறு ஊரில் இல்லாத ஒரு தனிச் சங்கடமும் உண்டு. அது சொற்களால் வருவது. தமிழில் விகிதம், விகிதசமம் என்கிறோம். தெலுங்கில் விகிதத்துக்கு நிஷ்பத்தி என்றும், விகிதசமத்துக்கு அனுபாதம் என்றும் பெயர். இந்தியிலோ "அனுபாத்" என்பது விகிதம், விகிதசமத்துக்கு "சமானுபாத்". ஆக, தெலுங்கில் ஒரு பொருளைக் குறிக்கும் சொல் இந்தியில் வேறொன்றைக் குறிக்கிறது. உருது வழி வந்தவர்கள் நிஸ்பத் என்றும் தனாசுப் என்றும் சொல்வார்கள். இவை போதாதென்று ஆங்கிலவழிப் பள்ளியில் ரேஷியோ, புரபோர்ஷன்.

பள்ளியில் ஆங்கிலம், தெருவில் தெலுங்கும் இந்தியும், வீட்டில் தமிழ் என்று வளரும் குழந்தைக்கு, "அனுபாதம் என்றால் என்ன?" என்று கேட்டால் திகைப்பு வருவது இயற்கை. இதற்குப் பரிகாரம் பெரிதாக ஒன்றுமில்லை. சொல்லை ஒத்திவைத்துவிட்டுப் பொருளை முதலில் வீட்டுத் தமிழில் விளங்கவைப்பதுதான் வழி. "இதுக்கு அது எத்தனை மடங்கு?" என்று தாய்மொழியில் கேட்கும்போது புரிகிற குழந்தை, பின்னால் எந்த மொழிச் சொல்லையும் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, அதனால் கணக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது என்று நினைக்கும் வீடுகளில், நல்ல ஆசிரியை ஒருவர் சமையலறையிலேயே சும்மா இருக்கிறார் என்றுதான் கொள்ள வேண்டும்.

எல்லாமே விகிதம் அல்ல

விகிதம் விளங்கிவிட்ட மாணவனுக்கு வேறொரு நோய் பிடிக்கும். கண்ட இடத்திலெல்லாம் விகிதம் போட ஆரம்பித்துவிடுவான். கொடியில் ஒரு வேட்டி காய ஒரு மணி நேரம் ஆகிறது. மூன்று வேட்டி சேர்ந்தாற்போல் போட்டால் எவ்வளவு நேரம் ஆகும்? "மூன்று மணி" என்று சட்டென்று சொல்கிறவர்கள் பெரியவர்களிலும் உண்டு. அண்ணனுக்குப் பத்து வயது, தம்பிக்கு ஐந்து வயது. அண்ணனுக்கு இருபது ஆகும்போது தம்பிக்குப் பத்து என்று சொல்வதும் இதே வகை. இங்கே வித்தியாசம்தான் மாறாது, மடங்கு மாறிவிடும். தம்பிக்குப் பதினைந்து.

ஆட்டோ வாடகையும் விகிதம் அல்ல. குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று முதலில் விழுந்துவிடுவதால், இரண்டு மடங்கு தூரத்துக்கு இரண்டு மடங்கு வாடகை ஆவதில்லை. மின்சாரக் கட்டணமும் அப்படியே. யூனிட் கூடக் கூட விலை நிலையே மாறிவிடுகிறது. வரைபடத்தாளில் புள்ளி வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நேர்விகிதமானால் கோடு நேராகவும் இருக்கும், சுழியிலிருந்தும் புறப்படும். ஆட்டோக் கோடு சுழியில் புறப்படாது. மின்சாரக் கோடு வழியிலேயே நிமிர்ந்துகொள்ளும். ஆகவே கணக்கைப் போடுவதற்கு முன் "இது விகிதம்தானா?" என்று கேட்கப் பழக்குவது, கணக்கைப் போடப் பழக்குவதற்குச் சமமான கடமை.

கற்பிக்கும் முறை

அனுபவமுள்ள ஆசிரியர்கள் பின்பற்றும் வரிசை ஏறக்குறைய இதுதான். முதலில் இரட்டிப்பும் பாதியும். ஏழுக்கு ஆறு என்றால் பதினான்குக்கு? மூன்றரைக்கு? அடுத்து, இரண்டு வரிசையில் பட்டியல் எழுதுதல். மேலே 7, 14, 21, 28; கீழே 6, 12, 18, 24. பட்டியலைப் பார்த்து மாணவன் தானே பேச வேண்டும். மேல் வரிசையில் ஏழு கூடும்போதெல்லாம் கீழ் வரிசையில் ஆறு கூடுகிறது என்று அவன் கண்டுகொண்டால், கூட்டல் புத்தியையும் பெருக்கல் புத்தியையும் இணைக்கும் பாலம் அமைந்துவிட்டது.

மூன்றாவதாக, ஒன்றுக்கு எவ்வளவு என்று காணும் அலகு முறை. நான்காவதாக, விடையைக் கணக்கிடுவதற்கு முன்பே "கூடுமா, குறையுமா? சுமாராக எவ்வளவு?" என்று ஊகிக்கச் சொல்லுதல். இவ்வளவும் ஆன பிறகே குறுக்குப் பெருக்கல். அப்போது அது மந்திரமாகத் தோன்றாது; ஏற்கெனவே தெரிந்த வழிக்கு ஒரு சுருக்கம் என்றே தோன்றும்.

தெலுங்கானா எட்டாம் வகுப்புக் கணிதத்தில் விகிதசமத்தைக் கொண்டு அளவுகளை ஒப்பிடுவது ஒரு பாடமாகவும், நேர், எதிர்விகிதங்கள் இன்னொரு பாடமாகவும் வைக்கப்பட்டன. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பிலேயே விகிதம் தொடங்குகிறது. எந்தப் பாடத்திட்டமானாலும் அவசரம் காட்டாமல் இருப்பதுதான் பலன் தரும். சதவீதம், வட்டி, வரைபட அளவு, வேகம், அடர்த்தி, ரசாயனச் சமன்பாடு, முக்கோணவியல் எல்லாம் இந்த ஓர் அஸ்திவாரத்தின் மேல்தான் எழும்புகின்றன. இதில் விரிசல் விட்டால் பத்தாம் வகுப்பில் கட்டடம் ஆடும்.

பரீட்சை மட்டும் அல்ல பிரச்சினை. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் திரவ மருந்து கடைகளில் இரண்டு பலத்தில் கிடைக்கிறது. ஒன்றில் 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம். மற்றொன்றில் அதே 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம். டாக்டர் 250 மில்லிகிராம் கொடுக்கச் சொல்லியிருந்தால் முதல் மருந்தில் 10 மில்லிலிட்டர். இரண்டாவதில் 5 மில்லிலிட்டர். சீட்டைப் படிக்காமல் "எப்போதும் கொடுக்கும் அளவு" என்று இரண்டாவது புட்டியிலிருந்து 10 மில்லிலிட்டர் ஊற்றிவிட்டால் குழந்தைக்கு இரண்டு மடங்கு மருந்து போய்விடும். வீட்டில் மருந்து ஊற்றும் தாய்க்கும், ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து அளக்கும் நர்ஸுக்கும் விகிதம் என்பது மதிப்பெண் விவகாரம் அல்ல.

லாலாகுடா ரயில்வே காலனியின் பல வீடுகளில் மூன்று தலைமுறைகள் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன. ஹாலியும் கல்தாரும் மாற்றிய காலத்தைத் தம் பெற்றோர் சொல்லக் கேட்ட தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். பல்சக்கரம் மாட்டி மரை வெட்டிய கைகள் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கின்றன. மாவு கரைக்கும் பாட்டிகளுக்கோ குறைவே இல்லை. மாலையில் டியூஷனுக்கு அனுப்புவதற்கு முன் ஒரு நாள், பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் உட்காரவைத்து, "ஏழுக்கு ஆறு என்றால் இருபத்தெட்டுக்கு எத்தனை?" என்று கேட்டுப் பார்க்கலாம். இருபத்தேழு என்று பதில் வந்தால் கோபிக்க வேண்டியதில்லை. ஏழு ஏழாக நான்கு குவியல் காசை எடுத்து வைத்து, ஒவ்வொரு குவியலுக்கும் எதிரே ஆறு காசு வைக்கச் சொன்னால் போதும். இருபத்துநான்கு என்ற விடையைக் குழந்தையே எண்ணிச் சொல்லும்.